பின்சீட்டுக்கு ஓர் ஆள்

லிஃப்ட்காரர் அந்த வண்டியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணமும் சொன்னார்: சைலன்சருக்குள் ஏதோ முனகுகிறதாம். விற்க நின்றவர் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். நர்ஸம்மாவும் கேட்டாள். வண்டி பாட்டுக்குச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே முனகிக்கொண்டிருந்தது லிஃப்ட்காரர் ஒருவர்தான்.

"போலாமா?" என்றார், எல்லாம் முடிந்துவிட்ட குரலில்.

நர்ஸம்மா விற்க நின்றவரிடம் நன்றி சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். நடையிலேயே கோபம் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் அப்படி நடந்தாள்.

தூரப் பயணத்துக்கு ஒரு பழைய டூரிங் பைக் வாங்க இத்தனை பாடா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரில் எல்லாரும் பழைய வண்டி வாங்கத்தான் செய்கிறார்கள். போவார்கள், டயரை இரண்டு தட்டுத் தட்டுவார்கள், பேரம் பேசுவார்கள், ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர்கள் வீட்டில் மட்டும் அது ஜவ்வாக இழுத்துக்கொண்டே போனது. நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நர்ஸம்மா ஐம்பதைத் தாண்டியவள். எலும்புமுறிவு வார்டில் தலைமை நர்ஸ். அவள் குரல் கேட்டால் மாவுக்கட்டுப் போட்ட காலும் எழுந்து நிற்கும் என்று டாக்டர்களே கேலி பேசுவார்கள். ஆள் என்னவோ குள்ளம்தான். மேல் தட்டில் இருக்கும் மருந்தை எடுக்க ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் ஒழுங்குபடுத்தாமல் இறங்க மாட்டாள்.

லிஃப்ட்காரர் அவள் வீட்டுக்காரர். காலமெல்லாம் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். "நம்ம பொழைப்பே ஏறி இறங்குற பொழைப்பு" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். அவரிடம் பெரிய பைக் ஒன்று இருந்தது. இருவரும் ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு, கண்காணாத ஊருக்கெல்லாம் போய் வருவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். மகள் பிறந்தபோது ஓரிரண்டு வருஷம் மட்டும் கிளம்பவில்லை. மற்றபடி மழையோ வெயிலோ அவர்களை நிறுத்தியதில்லை.

அப்புறம் அவர் கண்ணில் கை வைத்தது காலம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் பக்கப்பார்வையைத் தின்றுவிட்டது. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஓரத்தில் இருப்பது தெரியாது. வாசற்படிக் கதவில் தோளை இடித்துக்கொண்டு, "யாரு இங்க கதவ வச்சது?" என்பார். மருந்து தவறாமல் போட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் மெதுவாகக் குறைய வைக்கலாம், நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். டாக்டர்கள் அப்படிப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். அவளே எத்தனையோ பேரிடம் அதே குரலில் பேசியிருக்கிறாள்.

அடுத்த வாரம் அவள் டியூட்டி முடிந்து வந்தபோது வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. யாரோ ஒருவனுக்கு விற்றுவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் ஓட்டாத வண்டி எதுக்கு?" என்றார்.

அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வண்டியில் பாதி அவளுடையது. அந்தப் பின்சீட்டில் அவள் கழித்த நேரத்தைக் கூட்டினால் சமையலறையில் நின்ற நேரத்தை விட அதிகம் வரும். ஆனால் கண் போகிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள்.

விழுங்கினாளே தவிர செரிக்கவில்லை. மலையேறி மறுபக்கம் கடலில் போய் இறங்குகிற ஒரு பாதை உண்டு. இருவரும் ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பாதை. அவர் கண்ணில் மிச்சம் இருக்கும்போதே அந்தப் பாதையை அவருக்குக் காட்டிவிட வேண்டும். அவர் ஓட்ட முடியாது, சரி. அதனால் அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்காருவார். அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

மகள் போனில் குதித்தாள். "அம்மா, உனக்கென்ன ஆச்சு? இந்த வயசுல பைக்கா? ஒரு கார் வாங்கிக்கயேன். அப்பாவப் பக்கத்துல வச்சுக் கூட்டிட்டுப் போ."

"உங்கப்பா கார்ல ஏறினா தெருமுனை தாண்டறதுக்குள்ள குறட்டை விட ஆரம்பிச்சிடுவாரு. கண்ணு தெரியற காலத்துல அவரத் தூங்க வைக்கவாடி நான் கூட்டிட்டுப் போறேன்?"

மகள் போனை வைத்தாள். அம்மாவிடம் அவள் பருப்பு வெந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நர்ஸம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். வார்டில் கால் ஒடிந்து படுத்திருந்த ஒரு பயிற்சிப் பள்ளிக்காரர், எழுந்து நடந்ததும் நன்றிக்கடனாகச் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை கம்பத்தை இடித்துத் தள்ளினாள். அடுத்த தடவை கம்பங்களே ஒதுங்கி நின்றுவிட்டன என்பது வார்டில் ஓடுகிற கதை. லைசென்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கு" என்றார். அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வண்டி பாக்க நீங்கதான் வரணும். எனக்கு ஓட்டத்தான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. முதலில் பார்த்த வண்டியில், கிளப்புவதற்கு முன்பே இன்ஜினில் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடேத்தி வச்சிருக்கீங்க. குளுந்த இன்ஜின் கெளம்பாதோ?" என்று கேட்டார். விற்கிறவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இன்னொரு வண்டியில் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நடுவில் ஓர் இடத்தில் தட்டியது. எங்கேயோ பலமாக மோதி எழுந்த வண்டி. இரண்டும் நியாயமான தீர்ப்பு. அவர் கண்தான் மங்கியதே தவிர கையும் காதும் ஒன்றும் மங்கவில்லை என்று நர்ஸம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள்தான் வேடிக்கை. ஒன்று, நிறம் வெயிலில் கூசுகிறதாம். இன்னொன்று, வைத்திருந்தவன் முகமே சரியில்லையாம். அப்புறம்தான் இந்த முனகல்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சத்தத்த விடு. அதுல பின்சீட்டும் சரியில்ல. ரொம்பக் குறுகல். தூரம் போனா உனக்கு இடுப்பு போயிடும்."

"எனக்கா?" என்று திரும்பினாள். "நான் எதுக்குங்க பின்சீட்டுல உக்காரப் போறேன்?"

அவர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் நர்ஸம்மாவுக்குப் பொறி தட்டியது. இத்தனை வண்டி பார்த்தார்களே, ஒன்றிலாவது அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாரா? செயினைத் தொட்டார், டயரைத் தடவினார், பிரேக் டிஸ்க்கில் நகத்தை ஓட்டினார். பின்சீட்டில் ஒரு விரல் வைக்கவில்லை. வார்டில் இப்படி ஆட்கள் உண்டு. டாக்டர் வந்தால் எல்லா இடத்தையும் காட்டுவார்கள், வலிக்கிற இடத்தை மட்டும் போர்வையால் மூடிக்கொள்வார்கள். இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, தன் வீட்டிலேயே அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலமா என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க. நாளைக்கு பேக்கரிக்காரர் வண்டியப் பாக்கப் போறோம். இந்தத் தடவ சுத்திப் பாத்தாப் பத்தாது. நான் ஓட்டுவேன். நீங்க பின்னாடி உக்காந்து ஒரு சுத்து வரணும். அதுக்கப்புறம் என்ன குறை வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"வந்தாப் போச்சு" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

பேக்கரிக்காரர் தனியாளாக ஒரு சிறிய பேக்கரி நடத்துகிறவர். நெட்டையாக, சாதுவாக இருந்தார். முழங்கை வரை மாவு. கடைக்குப் பின்னால், மாவு மூட்டைகளும் காலித் தட்டுகளும் அடுக்கிய கொட்டகையில், துணி போர்த்தி நின்றது வண்டி. துணியை எடுத்ததும் நர்ஸம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அடர்ந்த பச்சை. காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி மறைப்பு. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், கீழே விழுந்தால் காலையும் இன்ஜினையும் காக்க வளைந்த கம்பிகள். பின்சீட்டு அகலமாக, முதுகு சாய்க்க ஒரு திண்டோடு இருந்தது.

"ரெட்டைக் கொழந்தைங்க பொறந்திருக்கு, அக்கா" என்றார் பேக்கரிக்காரர். "இனிமே எனக்கு எங்க டூர்? ராத்திரி பூரா வீட்டுக்குள்ளயேதான் டூர்."

லிஃப்ட்காரர் வேலையை ஆரம்பித்தார். இன்ஜினில் கை வைத்தார், சில்லென்று இருந்தது. கிளப்பச் சொன்னார், ஒரே அழுத்தில் கிளம்பியது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினார், காய்ந்திருந்தது. செயினைத் தூக்கிப் பார்த்தார், பல்சக்கரத்தின் பல்லைத் தடவினார், கைப்பிடி முனையில் உரசல் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "பெட்டி கொஞ்சம் அகலமோ?" என்றார்.

"வீட்டையே எடுத்துட்டுப் போறதுன்னா அகலமாத்தான் இருக்கும்" என்றாள் நர்ஸம்மா. ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தாள். "ஏறுங்க."

ஏறினார். ஏறிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். முதலில் பழக்க தோஷத்தில் ஹேண்டில்பாரைப் பிடிக்கப் போனார். அங்கே நர்ஸம்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு பின்னால் வந்து, அவள் தோளைப் பிடிப்பதா, சீட்டுக் கம்பியைப் பிடிப்பதா என்று தடுமாறி, கடைசியில் இரண்டையும் பிடிக்காமல் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் கண்டும் காணாத மாதிரி கையிலிருந்த மாவைத் தட்டினார்.

தெரு நீளமாக, காலியாக இருந்தது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. நர்ஸம்மாவின் கால் விரல்கள் இரண்டு பக்கமும் தரையைத் தொட்டன, அது போதும். கியர் மாற்றுவது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. இதுதான் என் வண்டி என்று அவள் மனசு சொல்லிவிட்டது. பின்னால் இருப்பவரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. அவர் மூச்சு கூட விடுகிற மாதிரி இல்லை.

தெருமுனையில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே போனது. நர்ஸம்மா பதறாமல் பிரேக் பிடித்தாள். வண்டி மெதுவாக வந்து நின்றது. இடது காலை ஊன்றினாள்.

அதே நொடியில் வண்டி இடது பக்கம் சரிந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் முழு பலத்தையும் கொடுத்து இழுத்துப் பிடித்தாள். நின்றுகொண்டிருக்கிற வண்டி, பெட்டியும் ஆளுமாக, ஒரு பெரிய மாடு படுக்கிற மாதிரி நிதானமாகச் சாய்ந்து படுத்தது. இடது பக்கக் கண்ணாடி உடைந்து தெறித்தது. வளைந்த கம்பியும் பெட்டியும் தாங்கிக்கொண்டதால் யார் காலும் அகப்படவில்லை. இருவரும் பக்கத்தில் உருண்டு எழுந்தார்கள்.

எழுந்ததும் நர்ஸம்மா முதலில் இன்ஜினை அணைத்தாள். அடுத்து அவரைப் பார்த்தாள். "கை, கால் அசைங்க. கழுத்தத் திருப்புங்க. வலிக்குதா?" வார்டுக் குரல்தான் வந்தது. அவர் எல்லாவற்றையும் அசைத்துக் காட்டினார்.

பேக்கரிக்காரர் ஓடி வந்தார். பாவம், நல்ல மனுஷன், உடைந்த கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒண்ணும் ஆகலயே? அக்கா, நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். இது கனமான வண்டி. உங்க உயரத்துக்கு இது தாங்காது. தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் சின்னதாப் பாருங்க. அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா படுத்துக்கிடந்த வண்டியைப் பார்த்தாள். இத்தனை நாளும் மகள் சொன்னாள், வார்டில் சிரித்தார்கள், யார் பேச்சும் அவளை அசைக்கவில்லை. இப்போது அசைத்தது. நின்ற வண்டியைப் பிடித்து நிறுத்தத் துப்பில்லை. இவரைப் பின்னால் வைத்துக்கொண்டு மலை ஏறப் போகிறாளாம். அவர் இத்தனை வண்டியை வேண்டாம் என்றதெல்லாம் இதற்குத்தானோ? நேரில் சொன்னால் மனசு நோகும் என்று வண்டி மேல் பழியைப் போட்டாரோ? அழுகை வருகிற நேரத்தில் வேலை செய்வது அவள் வழக்கம். வேலை எதிரிலேயே கிடந்தது.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

"அக்கா, நான் தூக்கறேன்…"

"மறுபக்கம் போய் நில்லுங்க. நிமிந்து வர்றப்ப அந்தப் பக்கம் சாயாமப் பிடிச்சுக்கங்க. அது போதும்."

வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று குந்தினாள். ஒரு கையால் ஹேண்டில்பாரையும், மறு கையால் பின்கம்பியையும் பிடித்தாள். சீட்டின் ஓரத்தில் இடுப்பை முட்டுக்கொடுத்தாள். தன்னைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள நோயாளிகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிய உடம்பு அது. முதுகைக் கொடுக்கக் கூடாது, காலைக் கொடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, சிறு சிறு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். வண்டி எழுந்தது. பேக்கரிக்காரர் மறுபக்கம் பிடித்தார். அவர் வாயில் ஈ நுழைந்தாலும் தெரிந்திருக்காது.

ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நர்ஸம்மா மூச்சு வாங்கினாள். "கண்ணாடிக்கு என்ன ஆகுதோ குடுத்துடறேன். வண்டி பத்தி…" என்று இழுத்தாள். லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் இப்போது சும்மா நின்றாலே போதும், வந்த காரியம் முடிந்துவிடும். இனி ஒரு வண்டியும் பார்க்க வேண்டியதில்லை. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"அவ மேல தப்பில்ல" என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் காலை ஊனப் போயிட்டேன்." அவர் பேக்கரிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார். மனைவியைப் பார்க்கவில்லை. "வண்டி நின்னுச்சு. என் காலு தானா எறங்கிடுச்சு. இத்தனை வருஷமும் நின்னா நான்தானே ஊனுவேன்? பின்னாடி இருக்கோம்னு புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. தரை எட்டல, நான் சாஞ்சேன், வண்டியும் சாஞ்சிடுச்சு. யாரு ஓட்டியிருந்தாலும் விழுந்திருக்கும். இவ நல்லா ஓட்டினா. சும்மா சொல்லல, நல்லா ஓட்டினா."

பேக்கரிக்காரர் ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். விவரமான ஆள்.

நர்ஸம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "இத வாயத் தொறந்து சொல்ல இவ்வளவு நேரமா? நான் வண்டியத் தூக்கி நிறுத்தற வரைக்கும் நின்னு வேடிக்கை பாத்தீங்களே."

"சொல்லாம விட்டுடலாம்னுதான் பாத்தேன்" என்றார் அவர். ஒளிக்காமல் சொன்னார். "சொல்லலேன்னா நீ விட்டுடுவ. விட்டுட்டா, நான் பின்னாடி உக்கார வேண்டியதில்ல. அப்புறம் நீ குந்தி அதத் தூக்கின. எனக்கு வெக்கமாப் போச்சு."

"எதுக்குங்க இவ்வளவு பயம்? நான் தள்ளி விட்டுடுவேன்னா?"

"நீ தள்ளமாட்ட." அவர் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "ஓட்ட முடியலங்கறது ஒண்ணு. அதுக்கு நான் பழகிட்டேன். பின்னாடி ஏறி உக்காந்துட்டா, அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு ஆயிடும். இனிமே நான் சுமக்கற ஆள் இல்ல, சுமை. எப்படிம்மா உக்காருவேன்?"

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாத இடம்தான், ஆனாலும் வந்துவிட்டது.

"அப்ப இத்தனை வருஷமும் நான் சுமையா?"

"அய்யய்யோ, நான் அப்படிச் சொல்லல…"

"அதேதான் சொன்னீங்க. கேளுங்க. இத்தனை வருஷமும் நீங்க பாத்ததெல்லாம் ரோடு. பள்ளம் எங்க, மணல் எங்க, முன்னாடி போற லாரி எப்ப திரும்பும், அதுதான். ஊரப் பாத்தது நான். ஆத்தப் பாத்தது நான். ராத்திரி ரூமுக்கு வந்து, இன்னிக்கு என்னெல்லாம் இருந்துச்சுன்னு என்னைத்தான் கேப்பீங்க. நல்ல எடத்துல உக்காந்துட்டு வந்தது நான்தாங்க. உங்களுக்குப் பாவம் பாத்துச் சொல்லாம இருந்தேன்."

இப்படி ஒரு கோணம் இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது.

"வண்டி எனக்கு" என்றாள் அவள். "அது முடிவாயிடுச்சு. அந்தப் பாதைக்கு நான் போகப்போறேன், அதுவும் முடிவாயிடுச்சு. பின்னாடி யாருங்கறதுதான் இன்னும் முடிவாகல. நீங்க வரலேன்னா பெட்டிய வச்சுக் கட்டிட்டுப் போவேன். போயிட்டு வந்து எல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லுவேன். ஆனா எனக்கு அது வேண்டாம். நீங்க பாக்கணும். உங்க கண்ணால பாக்கணும். அதுக்காகத்தான் இந்தப் பாடு."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

லிஃப்ட்காரர் தலையைத் திருப்பினார். பக்கப்பார்வை இல்லாததால் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முழுத் தலையையும் திருப்பியாக வேண்டும். அவளை நேராகப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"காலை எங்க வச்சுக்கணும்?"

"கால் வைக்கற அந்தக் கம்பி மேல. வண்டி நிக்கட்டும், சாயட்டும், எதுத்தாப்புல யானையே வரட்டும், கால் அங்கேயே இருக்கணும். நான் எறங்குங்கன்னு சொன்னாத்தான் எறங்கணும்."

"கைய?"

"என் மேல வைங்க. இது என்ன, பஸ்ஸா?"

ஏறினார். இந்தத் தடவை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. வலிக்கிற அளவுக்கு இறுக்கம், ஆனால் அவள் சொல்லவில்லை. தெருவின் மறுமுனை வரை போய்த் திரும்பி அதே இடத்துக்கு வந்தாள். குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை. வேண்டுமென்றே பிரேக் பிடித்து நிறுத்தினாள். இடது காலை ஊன்றி, எதிர்பார்த்து, உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். பின்னாலிருந்த உடம்பு வெடுக்கென்று ஒரு முறை துள்ளி அடங்கியது. வண்டி நேராக நின்றது.

"ஊனலயே" என்றார் பின்னாலிருந்து.

"தெரியுது. நிக்குதுல்ல?"

பேக்கரி வந்தது. பேக்கரிக்காரர் வாசலில் நின்று கையை ஆட்டினார். வண்டியைத் திரும்பக் கொண்டுவருகிறார்களா, அப்படியே போய்விடுகிறார்களா என்ற கவலை அந்த நல்ல மனுஷன் முகத்தில் லேசாகத் தெரிந்தது. நர்ஸம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த தெருவுக்குள் திருப்பினாள். அங்கே இரண்டு பக்கமும் மாடி வீடுகள். இடுப்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவது அவளுக்குத் தெரிந்தது.

"ஏய், மேல பாரு" என்றார் திடீரென்று. "மூணாவது மாடியில. ஒருத்தன் மெத்தைய ஜன்னல் வழியா உள்ள தள்ளறான், நடுவுல சிக்கிக்கிச்சு. பாரேன்."

"நான் எங்க பாக்கறது? ஓட்டறேன்ல? நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதி மெத்தை உள்ளே, பாதி வெளியே தொங்குகிறதாம். உள்ளிருந்து ஒரு பெண் பிடித்து இழுக்கிறாளாம். வெளியே பால்கனியில் நிற்கிறவன் யாரையோ திட்டுகிறானாம். கீழே ஒரு பூனை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். நர்ஸம்மா ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினாள். அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.